ஐரோப்பியத் தேர்தல் முடிவை வாசிப்பது எப்படி: வாக்கெண்ணும் மேசையிலிருந்து சில குறிப்புகள்

2025 பெப்ரவரி 23, ஞாயிற்றுக்கிழமை, ஜேர்மனியில் பொதுத் தேர்தல் நாள். மேற்கு ஜேர்மனியின் கெல்சன்கிர்ஷன் நகரில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் வாக்கு எண்ணி முடித்து, வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றும்போது இரவு பத்து மணி தாண்டிவிட்டது. கைப்பைக்குள் சத்தமில்லாமல் கிடந்த தொலைபேசியில் பதினேழு அழைப்புகள். கொக்குவிலில் இருக்கும் தங்கச்சி, ரொறன்ரோவில் இருக்கும் அவளுடைய மூத்தவன், பாரிஸில் இருக்கும் மச்சாள். தங்கச்சி குரல் பதிவும் விட்டிருந்தாள்: "அக்கா, அந்தத் துவேசக் கட்சி ரெண்டாவதா வந்திட்டுதாம். உங்களை இனி அனுப்பிப் போடுவாங்களோ?"

அவளுக்குப் பதில் சொல்லி முடிக்க எனக்கு ஒரு மணித்தியாலம் பிடித்தது. பாரிஸ், வியன்னா, தி ஹேக் என்று எங்கே தேர்தல் நடந்தாலும் இதே அழைப்புகள் வருகின்றன. அதனால் நான் ஒரு முடிவை எப்படி வாசிக்கிறேன் என்பதை ஒரு தடவை ஒழுங்காக எழுதி வைக்கிறேன்.

நான் 1989 இல் ஜேர்மனிக்கு வந்தவள். முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பு வேலை. குடியுரிமை எடுத்த பிறகு, 2013 முதல் ஒவ்வொரு தேர்தலிலும் வாக்களிப்பு நிலையத்தில் உதவியாளராகப் போகிறேன். தங்கச்சி சொன்ன அந்தக் கட்சி, ஏ.எஃப்.டி, அதாவது 'ஜேர்மனிக்கான மாற்று', பொதுத் தேர்தலில் முதன்முதலாக நின்றதும் அந்த 2013 இல்தான். அன்று எங்கள் மேசையில் அதற்கு விழுந்த சீட்டுகள் ஒரு பள்ளிக் கொப்பியின் தடிப்புக்கு இருந்தன. 2025 இல், மடிப்பு நிமிராத அந்தத் தாள்கள் ஒரு சாண் உயரத்துக்கு நின்றன. நாடு முழுவதும் பார்த்தால் 4.7 சதவீதம் 20.8 ஆகியிருக்கிறது. அந்த அடுக்கு வளர்வதைக் கையால் தொட்டுப் பார்த்தவள் என்ற முறையில்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு கொப்பி எடுங்கள். தேர்தலுக்கு முதல் நாளே அதில் எழுத வேண்டியவை: போன தடவை அந்தக் கட்சி எடுத்த சதவீதம், போன தடவை வாக்களிப்பு வீதம், மொத்த ஆசனங்கள், உள்ளே வரத் தேவையான குறைந்தபட்ச வாக்கு. இவை கையில் இல்லாமல் தொலைக்காட்சியைப் போட்டால், திரையில் ஏறுகிற நிறத்தூண்கள் சொல்வதைத்தான் நம்ப வேண்டி வரும். ஜேர்மனியில் மாலை 6 மணிக்குக் கதவு மூடிய அந்த நொடியிலேயே ஒரு கணிப்பு வரும். அது வாக்களித்துவிட்டு வெளியே வந்தவர்களிடம் கேட்டு எடுத்தது. அந்த நேரம் நாங்கள் பெட்டியைத் திறந்து சீட்டுகளை மேசையில் கொட்டத்தான் தொடங்கியிருப்போம். எண்ணிய சீட்டுகளை வைத்துப் போடும் மதிப்பீடுகள் அதற்குப் பிறகுதான் ஒவ்வொன்றாக வரும். ஆறு மணித் தூணை வைத்து ஊருக்கு அழைப்பு எடுக்காதீர்கள். பொறுங்கள்.

அப்புறம், வாக்கு வேறு, ஆசனம் வேறு. இதை விளங்கிக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். பிரான்சில் லு பென் குடும்பத்தின் தீவிர வலதுசாரிக் கட்சியான தேசிய முன்னணி 1986 இல் பத்து சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாக எடுத்தது. அந்த ஒரு தேர்தல் விகிதாசார முறையில் நடந்ததால் 35 ஆசனங்கள் கிடைத்தன. இரண்டே வருடத்தில் பழைய இரண்டு சுற்று முறைக்குத் திரும்பினார்கள். 1988 இல் வாக்கு கிட்டத்தட்ட அதே அளவு, கிடைத்தது ஒரேயொரு ஆசனம். மக்கள் மாறவில்லை, விதி மாறியது.

பிரித்தானியாவில் 2024 ஜூலை 4 அன்று நைஜல் ஃபராஜின் ரிஃபோர்ம் கட்சி 14.3 சதவீதம் எடுத்து 5 ஆசனங்களை வென்றது. அதைவிடக் குறைவாக, 12.2 சதவீதம் எடுத்த லிபரல் ஜனநாயகக் கட்சிக்கு 72 ஆசனங்கள். ஒவ்வொரு தொகுதியிலும் முதலாவதாக வருபவருக்கு மட்டுமே இடம் என்ற முறை, நாடெங்கும் சிதறிக் கிடக்கும் வாக்குக்கு ஒன்றும் கொடுக்காது. ஆனால் அதே முறை, அந்த வாக்கு ஒரு எல்லையைத் தாண்டினால் சடாரென்று அள்ளியும் கொடுக்கும். இந்த இரண்டாவது பாதியைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

ஜேர்மனியில் ஐந்து சதவீதக் கோடு இருக்கிறது: அதற்குக் கீழே எடுத்த கட்சிக்குப் பொதுவாக ஆசனம் இல்லை. 2025 இல் சாரா வாகன்க்னெக்ட் என்பவரின் சிறிய கட்சி 4.98 சதவீதத்தில் நின்றுவிட்டது. ஐந்தைத் தொட அதற்குப் போதாமல் போனவை ஒன்பதாயிரத்துச் சொச்சம் வாக்குகள். அவை கிடைத்திருந்தால், தேர்தலுக்குப் பிறகு ஆட்சி அமைத்த கிறிஸ்தவ ஜனநாயக, சமூக ஜனநாயகக் கூட்டணிக்குப் பெரும்பான்மையே வந்திருக்காது. 630 இல் 328 ஆசனங்களோடுதான் பிரீட்ரிக் மெர்ஸ் ஆட்சி அமைத்தார். தலைப்புச் செய்திகள் இரண்டாம் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தபோது, நாட்டை யார் ஆள்வது என்பது அந்தச் சிறிய கட்சியின் ஒரு புள்ளிக்குப் பின்னால் இருந்த இலக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அடியில் இருக்கும் கட்சிகளையும் பாருங்கள் என்று நான் சொல்வது அதற்காகத்தான்.

இன்னொரு கோடும் உண்டு. செய்திகளில் அது குறைவாகவே பேசப்படும்: மூன்றில் ஒரு பங்கு. கிழக்கு ஜேர்மனியின் தூரிங்கன் மாநிலத்தில் 2024 செப்டம்பர் 1 அன்று ஏ.எஃப்.டி 32.8 சதவீதம் எடுத்து முதலாவதாக வந்தது. ஆட்சி கிடைக்கவில்லை. ஆனால் 88 இல் 32 ஆசனங்கள் இருப்பதால், மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு தேவைப்படும் எதையும், மாநில அரசியலமைப்பைத் திருத்துவதானாலும் நீதிபதிகளைத் தெரிவு செய்யும் குழுவை அமைப்பதானாலும், தனியாகவே தடுக்கலாம். "ஆட்சிக்கு வரவில்லையே" என்று நிம்மதிப்படுகிறவர்களிடம் இதைச் சொல்வேன்.

சரி, வாக்கு எங்கிருந்து வந்தது? ஒரு கட்சி பெருத்தால் வேறெங்கோ ஒன்று மெலிந்திருக்கும். எது என்று தேடுங்கள். இத்தாலியில் ஜோர்ஜா மெலோனியின் கட்சி 2018 இல் 4.4 சதவீதம், 2022 இல் 26. ஆறு மடங்கு. நாடே தலைகீழானது போலத் தெரியும். ஆனால் பக்கத்து வரியைப் பாருங்கள்: அவருடைய கூட்டாளியான லீகா 17 இலிருந்து 9 க்குக் கீழே விழுந்தது, பெர்லுஸ்கோனியின் கட்சி 14 இலிருந்து 8 க்கு. மொத்த வலதுசாரி அணி 37 இலிருந்து 44 க்குத்தான் ஏறியது. பெரும்பாலும் ஒரே வீட்டுக்குள் அறை மாறிய வாக்குகள். வாக்களிப்பு வீதமும் 73 இலிருந்து 64 க்கு இறங்கியிருந்தது.

ஜேர்மனியில் நடந்தது வேறு மாதிரி. 2025 இல் வாக்களிப்பு வீதம் 82.5 சதவீதம், இரு ஜேர்மனிகளும் இணைந்த பிறகு இதுவே உயர்ந்தது. எங்கள் வாக்களிப்பு நிலையத்தில் காலையிலேயே வரிசை நின்றது. "நிறையச் சனம் வந்தால் தீவிரக் கட்சிகளுக்குப் பங்கு குறையும்" என்று எங்களுக்கு எப்போதும் சொல்லித் தந்திருந்தார்கள், நானும் அதை நம்பினேன். அந்த வரிசையைப் பார்த்து அன்று காலை மனம் குளிர்ந்தது. இரவு எண்ணும்போதுதான் விளங்கியது. முன்பு வாக்களிக்காமல் வீட்டில் இருந்தவர்களிடமிருந்து மட்டும் ஏ.எஃப்.டிக்குப் போன வாக்கு சுமார் 18 இலட்சம் என்று பிறகு கணிப்புகள் சொல்லின. எந்தக் கட்சியிடமிருந்து பறித்ததையும்விட இது அதிகம். ஒருவருமே தங்களைக் கேட்கவில்லை என்று வருடக்கணக்காக வீட்டில் இருந்தவர்களை ஒருவன் வெளியே கூட்டி வந்திருக்கிறான். இது இத்தாலியில் நடந்த அறைமாற்றத்தைவிட ஆழமானது. எனக்கு உண்மையில் கவலை தந்தது இந்த இலக்கம்தான்.

வரைபடத்தை வாசிக்கும்போது அவசரப்படாதீர்கள். "வெளிநாட்டுக்காரர் கூடின இடத்தில்தான் இந்தக் கட்சி வளரும்" என்று ஒரு எண்ணம் பரவலாக இருக்கிறது. தூரிங்கனில் வெளிநாட்டவர் பங்கு மேற்கு மாநிலங்களைவிடக் குறைவு. அங்கே 1990 க்குப் பிறகு தொழிற்சாலைகள் மூடப்பட்டன, இளையவர்கள், முக்கியமாகப் பெண்பிள்ளைகள், மேற்குக்குப் போய்விட்டார்கள். மறுபக்கம் எங்கள் கெல்சன்கிர்ஷன், வெளிநாட்டவர் நிறைந்த ஊர். பல தசாப்தங்களாகச் சமூக ஜனநாயகக் கட்சியின் கோட்டை. 2025 பெப்ரவரியில் இங்கே ஏ.எஃப்.டி 24.7, சமூக ஜனநாயகக் கட்சி 24.1. மேற்கு ஜேர்மனியில் இப்படி முதலிடம் போனது இங்கேயும் கைசர்ஸ்லவுட்டேனிலும்தான். இரண்டு இடங்களுக்கும் பொதுவானதைத் தேடினால் வெளிநாட்டவர் எண்ணிக்கை உதவாது. மூடிய கதவுகளை எண்ணுங்கள்.

எங்கள் வாக்குச்சீட்டில் இரண்டு நிரல். இடதுபக்கம் கறுப்பு எழுத்தில் தொகுதி வேட்பாளர், வலதுபக்கம் நீல எழுத்தில் கட்சிப் பட்டியல். எண்ணும்போது முதலில் இரண்டு வாக்கும் ஒரே கட்சிக்கு விழுந்த தாள்களை ஒரு பக்கமும், பிரிந்து விழுந்தவற்றை இன்னொரு பக்கமும் அடுக்குவோம். அன்று பிரிந்த அடுக்கில் நான் பார்த்த சில தாள்கள் மனதை விட்டுப் போகவில்லை. இடப்பக்கம் சமூக ஜனநாயகக் கட்சி வேட்பாளருக்குப் புள்ளடி, வலப்பக்கம் ஏ.எஃப்.டிக்குப் புள்ளடி. ஒரே கை, ஒரே பேனை. பழைய உறவை முழுதாக வெட்ட மனமில்லாமல் கோபத்தை மட்டும் பக்கத்து நிரலில் போட்டிருக்கிறார்கள் என்றுதான் நான் அதை வாசித்தேன். இப்படிப்பட்டவர்களைத் தூணின் நிறம் காட்டாது. உங்கள் தொகுதியின் முதல் வாக்கு, இரண்டாம் வாக்கு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். இடைவெளி எங்கே பெரிதோ அங்கே இன்னும் கதைத்துப் பார்க்க இடமிருக்கிறது.

நான் பராமரிக்கும் ஒரு பெரியவர் 31 வருடம் சுரங்கத்தில் வேலை செய்தவர். முதுகிலும் முழங்கையிலும் நீலத் தழும்புகள். காயத்துக்குள் கரித்தூசி போய் அப்படியே ஆறிவிட்டால் பச்சை குத்தியது போல் நிற்கும், எத்தனை தடவை சவர்க்காரம் போட்டாலும் போகாது. தேர்தலுக்கு இரண்டு கிழமைக்கு முன் அவருக்குத் தபால் வாக்கு வந்தது. புள்ளடியைத் தானே போட்டார், நான் யன்னல் பக்கம் திரும்பி நின்றேன். ஓர் உறைக்குள் சீட்டு, அதை ஒட்டி, கையெழுத்திட்ட படிவத்தோடு சிவப்பு உறைக்குள். ஒட்டி முடித்ததும் தானாகவே சொன்னார் யாருக்கு என்று. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீ இல்லை. உன்னைச் சொல்லவில்லை" என்றார்.

ஜேர்மனியில் இருக்கும் எங்கள் ஆட்கள் எல்லாரும் இந்த வசனத்தை ஒரு தடவையாவது கேட்டிருப்பார்கள். நான் கோபிக்கவில்லை. "அப்போ யாரைச் சொல்கிறீர்கள்?" என்று கேட்டேன். பான்ஹோஃப் தெருவில் மூடிய கடைகளைப் பெயர் சொல்லி எண்ணினார். மகனுக்கு வேலை போனது, பக்கத்து வீட்டை யாரோ வாங்கி ஜன்னல் உடைந்த அறைகளுக்குள் ருமேனியக் குடும்பங்களை அடுக்கிவிட்டு வாடகை மட்டும் வாங்குவது, மருத்துவரிடம் நாள் கிடைக்க மூன்று மாதம் ஆவது. நகரின் கடைசிச் சுரங்கம் 2008 இல் மூடியது. அதற்குப் பிறகு அவருக்கு யார் என்ன சொன்னார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். நான் சொன்னது ஒன்றுதான்: இந்த மாடியில் உங்களைக் குளிப்பாட்டும் எட்டுப் பேரில் ஐந்து பேர் வெளியிலிருந்து வந்தவர்கள், அந்தக் கட்சி எழுதியிருக்கும் சொல் எங்களையும் தொடுகிறது. அவர் ஒன்றும் பேசவில்லை. சிவப்பு உறையை நீட்டினார். வேலை முடிந்து போகிற வழியில் தபால் பெட்டியில் போட்டேன். அது அவருடைய வாக்கு.

சொல் என்று சொன்னேனே, அடுத்து அதைத்தான் வாசிக்க வேண்டும். சுவரொட்டியை விடுங்கள், கட்சியின் தேர்தல் அறிக்கையைத் திறவுங்கள். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும், மொழி தெரியாவிட்டால் மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டுப் பாருங்கள். ஏ.எஃப்.டி தொடங்கியபோது அதன் முன்வரிசையில் யூரோ நாணயத்தை எதிர்த்த பொருளியல் பேராசிரியர்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவரான பேர்ன்ட் லுக்கே 2015 இல் தலைமையை இழந்தார். அகதிகள் விவகாரம் கட்சியின் மையமானது. 2025 ஜனவரியில் ரீசா நகரில் கூடிய மாநாட்டில் 'மறுகுடியேற்றம்' என்ற சொல்லை அறிக்கைக்குள் எழுதிக்கொண்டார்கள். கேட்க மென்மையாக இருக்கும். பெருந்தொகையான குடியேறிகளைத் திருப்பி அனுப்புவதற்கு வைத்த பெயர் அது. 2024 ஜனவரியில், பொட்ஸ்டாமில் நடந்த இரகசியச் சந்திப்பொன்றில் இதைப் பற்றிப் பேசியது வெளியே வந்தபோது, குளிரில் இலட்சக்கணக்கானோர் தெருவில் இறங்கினார்கள். நானும் போனேன். ஒரு வருடத்தில் அதே சொல் அச்சில் வந்துவிட்டது.

எல்லாக் கட்சிகளையும் ஒரே பையில் போடவும் வேண்டாம். 'வலதுசாரி வெகுசனவாதம்' என்று சொல்வதன் உள்ளே பொதுவாக ஒரு கதை இருக்கிறது: உண்மையான மக்கள் நாங்கள், மேலே இருக்கிற கூட்டம் எங்களை ஏய்க்கிறது, வெளியிலிருந்து வந்தவன் எங்கள் பங்கைத் தின்கிறான். அந்தக் கதைக்கு வெளியே இவர்கள் ஒத்துப்போவது குறைவு. மெலோனி உக்ரைனுக்குக் கைகொடுக்கிறார், ஹங்கேரியின் ஓர்பான் எதிர்த்தார். நெதர்லாந்தில் கேர்ட் வில்டர்ஸின் கட்சிக்கு உறுப்பினர் அவர் ஒருவர் மட்டுமே, மற்றவர்கள் சேரவே முடியாது. ஆஸ்திரியாவின் சுதந்திரக் கட்சி 1956 இலிருந்து இருக்கிறது, அதன் முதல் தலைவர் நாஜி எஸ்.எஸ். படையில் அதிகாரியாக இருந்தவர். 2024 இல் ஐரோப்பியப் பாராளுமன்றத்துக்குப் போனபோது இந்த வகைக் கட்சிகள் மூன்று குழுக்களாகப் பிரிந்துதான் உட்கார்ந்தன. உங்கள் நாட்டுக் கட்சி எந்தக் குழுவில் என்று பார்ப்பது ஒரு நல்ல குறுக்கு வழி.

தேர்தலுக்கு அடுத்த ஆறு மாதத்தையும் கொப்பியில் எழுதிக்கொண்டே வாருங்கள். முதலிடம் என்றால் ஆட்சி என்று இல்லை. ஆஸ்திரியாவில் 2024 செப்டம்பரில் 28.8 சதவீதத்தோடு சுதந்திரக் கட்சியின் ஹேர்பர்ட் கிக்ல் முதலாவதாக வந்தார், கூட்டணிப் பேச்சு முறிந்தது, மற்ற மூன்று கட்சிகள் சேர்ந்தன. வில்டர்ஸ் 2023 இல் 37 ஆசனங்களோடு வென்றும் பிரதமராக முடியவில்லை. அவருடைய கட்சி பங்குபற்றிய அரசாங்கத்தை 2025 ஜூனில் அவரே கவிழ்த்தார், அடுத்த தேர்தலில் 26 ஆசனங்கள். பிரான்சில் 2024 ஜூன் 30 அன்று முதல் சுற்றில் முன்னே நின்ற லு பென்னின் கட்சி (முந்தைய தேசிய முன்னணி), ஒரு கிழமையில் மூன்றாவதாக வந்தது. இடதும் நடுவும் சேர்ந்து இருநூறுக்கு மேற்பட்ட வேட்பாளர்களை விலக்கிக்கொண்டதால் அது நடந்தது.

ஆனால் மறுபக்கமும் இருக்கிறது. பிரித்தானியாவில் ஐரோப்பிய ஒன்றியத்தை எதிர்த்த யுகிப் கட்சி 2015 இல் 38 இலட்சத்துக்கு மேல் வாக்கெடுத்து ஒரே ஆசனம் வென்றது. அந்தக் கட்சி மீதான பயம்தான் ஆளும் கட்சியைப் பொதுவாக்கெடுப்புக்குத் தள்ளிய காரணங்களில் ஒன்று, அடுத்த வருடமே பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறத் தீர்மானித்தது. டென்மார்க்கில் மக்கள் கட்சி 2015 இல் 21 சதவீதம், 2019 இல் 9 க்கும் குறைவு. கட்சி சுருங்கியது, அதன் குடியேற்றக் கொள்கையை மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். இதனால்தான் அகதி வழக்கு, குடும்ப இணைவு, குடியுரிமைச் சட்டம் ஆகிய மூன்றில் மற்றக் கட்சிகள் என்ன மாற்றின என்று தனியாக ஒரு பக்கம் வைத்திருக்கிறேன். எங்கள் வாழ்க்கையைத் தொடுவது பெரும்பாலும் அந்தப் பக்கம்தான்.

தங்கச்சிக்கு அன்று சொன்ன பதில்: எனக்கு ஜேர்மன் கடவுச்சீட்டு இருக்கிறது, நாளைக்கு ஒருவரும் என்னை அனுப்ப முடியாது. ஆனால் போன வருடம் அகதியாக வந்த ஒரு பொடியனின் வழக்கு இன்னும் கடினமாகும். இரண்டும் உண்மை.

ஜேர்மனியில் இருந்து இதை வாசிப்பவர்கள் செய்யக்கூடியவை சில உண்டு. 2024 ஜூன் 27 முதல் பழைய குடியுரிமையை விடாமலே ஜேர்மன் குடியுரிமை எடுக்க இந்த நாட்டுச் சட்டம் விடுகிறது, பொதுவாக ஐந்து வருடம் போதும். இழுத்தடிக்காமல் விண்ணப்பியுங்கள். குடியுரிமை இல்லாதவர்களுக்கும் எங்கள் மாநிலத்தில் நகர ஒருங்கிணைப்புக் குழுத் தேர்தலில் வாக்கு உண்டு. வாக்குரிமை இருப்பவர்கள் நகரசபைக்கு எழுதி வாக்கெண்ணும் மேசைக்கு வாருங்கள், ஆட்கள் எப்போதும் போதாது. வாக்குரிமை இல்லாவிட்டாலும் ஆறு மணிக்குப் பிறகு யாரும் உள்ளே வந்து எண்ணுவதைப் பார்க்கலாம், அது பொதுவானது. தண்ணீர்ப் போத்தலும் கண்ணாடியும் கொண்டு வாருங்கள்.

2025 செப்டம்பர் 28 அன்று எங்கள் நகரில் மேயருக்கான இரண்டாம் சுற்று. சமூக ஜனநாயகக் கட்சியின் ஆந்த்ரேயா ஹென்சேவுக்கும் ஏ.எஃப்.டி வேட்பாளருக்கும் நேரடிப் போட்டி. சின்னச் சீட்டு, இரண்டே பெயர், எண்ணுவது சுலபம். ஹென்சே மூன்றில் இரண்டு பங்கு வாக்கோடு வென்றார். மற்ற அடுக்கு மூன்றில் ஒரு பங்கு. இரண்டையும் றப்பர் வளையம் போட்டுக் கட்டிப் பெட்டிக்குள் வைத்தேன். மறுநாள் காலை அந்தப் பெரியவரைக் குளிப்பாட்டும்போது, தான் இந்தத் தடவை வாக்குப் போடவே இல்லை என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. முதுகைத் துடைத்துவிட்டேன்.

கொப்பியில் அடுத்த பக்கம் கோடு போட்டு வைத்திருக்கிறேன். சாக்சன்-அன்ஹால்ட் மாநிலத் தேர்தல், 2026 செப்டம்பர் 6. போன தடவை, 2021 இல்: கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி 37.1, ஏ.எஃப்.டி 20.8, வாக்களிப்பு வீதம் 60.3. பக்கத்து நிரல் வெறுமையாக இருக்கிறது.